ஞானமுத்து அண்ணாச்சியின் பூக்கண்ணாடிகள்

போன வாரம் நண்பர் வீட்டில் ஒரு பார்சலைப் பிரித்தார்கள். வைக்கோலுக்குள்ளிருந்து ரோஜாப்பூ வரைந்த பழைய கண்ணாடித் தம்ளர் ஒன்று வெளியே வந்தது. எல்லோரும் பூவைப் பார்த்தார்கள். எனக்கு வைக்கோல் வாசனைதான் முதலில் வந்தது. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஆபீஸில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தது யுத்த காலத்தில். வயது இருபத்திரண்டு, மீசையைவிடச் சட்டைப்பை பேனா மேல்தான் பெருமை அதிகம். ஹெட் கிளார்க் ஞானமுத்து அண்ணாச்சிக்கு ஒரே பைத்தியம், கையால் பூ வரைந்த கண்ணாடிச் சாமான். ஊரைவிட்டுப் போகும் வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சாமான்களை ஏலம் விடுவார்கள். அங்கே முதல் ஆளாக நிற்பார். கூஜா, சர்பத் தம்ளர், அத்தர்க் குப்பி என்று அலமாரி நிறைந்துவிட்டது. ஒரு கூஜாவில், இலையின் பச்சைக்குள் தூரிகை மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். "பாத்தியாலே, மனுசன் கை பட்டதுக்கு சாட்சி" என்று வெயிலில் பிடித்துக் காட்டுவார். ஒரு நீலப்பூத் தம்ளரை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்காகவே அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

அவர் மனைவி எஸ்தர் அக்கா அதில் எதையும் தொடக்கூடாது. வீட்டில் காப்பி எப்போதும் பித்தளைத் தம்ளரில்தான்.

கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்ததும் ஊர் காலியாகத் தொடங்கியது. மாட்டுவண்டிக்கு அடிபிடி. அண்ணாச்சிக்கு ஒரே ஒரு வண்டிதான் கிடைத்தது. அக்காவுக்கு ஏழாம் மாதம். பத்து வருஷம் காத்திருந்து தங்கிய பிள்ளை. கடலைவிட்டுத் தள்ளியிருக்கிற நாசரேத் ஊரில் அவள் தங்கை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. வண்டியில் வைக்கோல் அடைத்த ஆறு பெட்டிகள், மிச்ச இடத்தில் அக்கா. நான் சைக்கிளில் கூடப் போனேன்.

தேரிக்காட்டு ஓரம், செம்மணலில் சக்கரம் புதைந்தது. உச்சி வெயில்.

"பாரம் கொறையணும் அண்ணாச்சி. ரெண்டு பெட்டிய எறக்கி வைங்க, பொறவு வந்து எடுத்துக்கிடலாம்" என்றான் வண்டிக்காரன்.

அண்ணாச்சி பெட்டிகளைப் பார்த்தார். பிறகு, "ஏளா, நீ கொஞ்ச தூரம் நடந்துக்கிடுதியா?" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீயாவது சொல்லேன்."

நான் குனிந்து சைக்கிள் செயினைப் பார்த்தேன். அது கழன்றிருக்கவில்லை.

அவள் இறங்கி நடந்தாள். இரண்டு மைல் இருக்கும்.

மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது. ஆண். அழவில்லை. அண்ணாச்சி அதைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். தேரி ஓரத்தில், முள் அடர்ந்த ஓர் உடைமரத்தடியில் நான்தான் குழி தோண்டினேன்.

தூத்துக்குடியில் குண்டு ஏதும் விழவில்லை. சில மாதங்களில் எல்லோரும் திரும்பிவிட்டோம். பெட்டிகளைப் பிரித்துப் பார்த்த அண்ணாச்சி, "ஒண்ணுகூட ஒடையலைலே" என்றார். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அக்கா அந்தத் தம்ளர்களில்தான் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். மீன்காரிக்கு, தபால்காரருக்கு, உப்பளத்துக்குப் போகிறவர்களுக்கு. சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து, சாம்பலும் தேங்காய் நாருமாக அழுத்தித் தேய்ப்பாள். முதலில் தங்க விளிம்பு போயிற்று, அப்புறம் இதழ்கள். அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருப்பார், ஒருநாளும் தடுத்ததில்லை. நீலப்பூத் தம்ளரில் எனக்கும் மோர் வந்தது. "குடி தம்பி" என்றாள், கோபமே இல்லாமல். குடித்தேன். அடுத்த மாதமே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

இப்போது அண்ணாச்சியும் இல்லை, அக்காவும் இல்லை. வீடு இருந்த இடத்தில் லாரி ஷெட். சில வருஷங்களுக்கு முன் தேரிக்குத் தனியாகப் போனேன். உடைமரங்களை விறகுக்கு வெட்டியிருந்தார்கள். தேரி மணல் காற்றுக்கு இடம் மாறுகிற மணல், உங்களுக்குத் தெரியுமே. அந்தக் குழியிருந்த இடம் தெரிந்தவன் என்று இன்றைக்கு நான் ஒருவன்தான் மிச்சம். பகல் முழுக்கத் தேடினேன். எனக்கும் தெரியவில்லை.