தூக்குக்குள் இருந்த பேட்டரி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஒரு பக்கத்துப் புருவம் தீய்ந்திருந்தது. மடியில் எவர்சில்வர் தூக்கு. காய்ச்சல்காரக் குழந்தையைத் தொடுவதுபோல அதை அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

“சாப்பாடா சார்?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“சோடியம் பேட்டரி சார். மணல்ல பொதச்சு அண்ணாமலை நகர் யுனிவர்சிட்டி லேபுக்கு எடுத்துட்டுப் போறேன். முன்னல்லாம் சூடானா தீப்புடிச்சுக்கும். இப்ப உள்ள இருக்கற எலக்ட்ரோலைட் திரவத்துல ஒரு மருந்து ரெண்டு சொட்டு கலந்திருக்கேன். புடிக்காதுன்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறீங்களா?”

“அதுக்குத்தான சார் டெஸ்ட் பண்ணப் போறேன்.”

அதற்குமேல் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். சிறிது நேரத்தில் காரமான நெடி ஒன்று மூக்கில் ஏறியது. “பேட்டரி பத்திக்கிச்சு, வண்டிய நிறுத்துங்க” என்று கத்திக்கொண்டே படிக்கட்டுக்குப் பாய்ந்தேன்.

“கெமிக்கல் கம்பெனி நாத்தம் மாமா. தெனம் அடிக்கிறதுதான, ஒக்காருங்க” என்றார் முன்சீட்டுக்காரர். பஸ்ஸே சிரித்தது. வாரம் நாலு தடவை அந்த வழியில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவன் நான்.

அசடு வழியத் திரும்பினேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. தூக்கை வயிற்றோடு அணைத்து அதன்மேல் கவிழ்ந்திருந்தார். எங்களைக் காப்பாற்றவா, பேட்டரியைக் காப்பாற்றவா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த பஸ்ஸில் என் கூச்சலை நம்பியவர், மருந்தைக் கலந்த அவர் ஒருவர்தான்.