கிளிக் சத்தம் கேட்கும் வரை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும் என்பார்கள். அன்று மாமாவைத் திட்டிய திட்டுக்கு ஒரு மூக்கு போதாது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். நான் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் போன் எடுப்பவள். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள பேட்டரி அறை மாமாவின் பொறுப்பு. எங்கள் மேஜையில் இருப்பதெல்லாம் நாற்பத்தெட்டு வோல்ட் டிசி மின்சாரத்தில் ஓடுபவை. கரண்ட் இருக்கும்போது சார்ஜர் அவற்றை ஓட்டும், பேட்டரிகளையும் நிரப்பி வைக்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடிக்கும் வரை பேட்டரிகள் தாங்க வேண்டும். இத்தனை வருஷமாகத் தாங்கின. கரண்ட் போனதே எங்களுக்குத் தெரியாது, மாமா மேலே வந்து சொன்னால்தான் தெரியும்.

மனிதருக்கு ஒரு ஜம்பம் உண்டு. பேட்டரிகளை ஒன்றோடொன்று கோக்கும் செம்புப் பட்டைகளின் போல்ட்டைக் கைக்கணக்கில்தான் முறுக்குவார். சரியான இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் ஸ்பேனர் ஒன்றை அலுவலகம் வாங்கிக் கொடுத்தது. உறையைக்கூடப் பிரிக்காமல் டிராயரில் போட்டுவிட்டார். "சின்னப் பிள்ளைங்க விளையாட்டுச் சாமான் இது. எவ்வளவு முறுக்கணும்னு என் மணிக்கட்டுக்குத் தெரியாதா?" என்பார். வெறும் வாய்ச்சவடால் என்றும் சொல்லிவிட முடியாது. அவர் முறுக்கியதைக் கழற்ற முடியாமல் தடிமாடு மாதிரி இருவர் திணறியதை நானே பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அன்று மதியம் ஒரு பெண் அழைத்தாள். "வீட்டுக்காரர் விழுந்துட்டாருங்க, மூச்சு இழுக்குது" என்றாள். "எந்தத் தெரும்மா?" என்று நான் கேட்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. திரை இருண்டது. காதில் சத்தமே இல்லை. ஜெனரேட்டர் பிடித்து எல்லாம் திரும்ப உயிர்பெறும் வரை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புண்ணியவதி, விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தாள். ஆள் பிழைத்துக்கொண்டார்.

தடதடவென்று படியிறங்கினேன். "பேட்டரிக்குக் காவல் இருக்கீங்களா, இல்ல கீழ படுத்துத் தூங்குறீங்களா? ஒரு உயிர் போயிருக்கும் மாமா!" எனக்கு ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கும் மனிதர் அன்று தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அலுவலகத் தலைவி மேடம் வந்து, "நாளைக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா வெளி கம்பெனிகிட்ட விட்டுடுவேன், எனக்கு வேற வழியில்ல" என்றார். அப்படி விட்டால் மாமாவுக்கு அங்கே வேலையில்லை.

மறுநாள் காலை அழைப்புகளைப் பக்கத்து மையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். "திட்டின வாயோட வந்து டார்ச்சைப் பிடி" என்று மாமா என்னைக் கூப்பிட்டார்.

மீட்டர் ஐம்பத்து நான்கு வோல்ட் காட்டியது. "எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றேன்.

"அடி மக்கு, அது சார்ஜரோட பலம். அது ஓடுற வரைக்கும் பேட்டரி ராஜா மாதிரிதான் தெரியும். சுமையை ஏத்தினாத்தான் வண்டவாளம் வெளிய வரும்."

சார்ஜரை நிறுத்தினார். மீட்டர் சரசரவென்று இறங்கியது. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. பேட்டரிகளைத் தனித்தனியாகப் பார்த்தார், ஒன்றிலும் குறையில்லை. பிறகு ஒவ்வொரு பட்டையின் இரு முனையிலும் மீட்டரை வைத்துக்கொண்டே வந்தார். பூஜ்யம், பூஜ்யம் என்றே காட்டிக்கொண்டு வந்தது. அடுக்கின் கீழ்த்தட்டுக்கு வந்ததும் எண் துள்ளியது, கரண்ட் தடைபடுவது அங்கேதான். கிட்டே கையைக் கொண்டுபோனார், பட்டை சுட்டது. போன மாதம் புது பேட்டரி மாற்றிய தட்டு அது. அதற்குப் பிறகு நேற்றுதான் முதல் தடவையாகக் கரண்ட் போயிருக்கிறது.

தன் பழைய ஸ்பேனரை வைத்தார். போல்ட் லொடலொட என்று சுற்றியது.

"எந்தப் பாவி இதை முறுக்குனான்?"

"நீங்கதான் மாமா. இந்த ரூமுக்குள்ள வேற யாரை விடுறீங்க?"

பல்லைக் கடித்து முறுக்கினார். "இப்ப இரும்பு மாதிரி இருக்கு" என்றார். எழுந்து போய் டிராயரிலிருந்து அந்த விளையாட்டுச் சாமானை எடுத்து உறையைக் கிழித்தார். அதே போல்ட்டில் வைத்து இரண்டு கையாலும் இழுத்தார். திரும்பியது. இன்னும் திரும்பியது. வெகுநேரம் கழித்துத்தான் கிளிக் என்றது.

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். வலது கையை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்தார். "வீட்ல பாட்டில் மூடியெல்லாம் ரெண்டு விரல்ல திறக்குறேனே? கை போயிருந்தா எனக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று என்னைக் கேட்டார். டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கீழ்த்தட்டு முழுவதையும் கிளிக் ஸ்பேனரால், இரண்டு கையாலும் இழுத்து முறுக்கினார். மறுபடி சார்ஜரை நிறுத்தினோம். நான் மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு திரைகூடச் சிமிட்டவில்லை.

சாயங்காலம் அவரோடு நானும் வீட்டுக்குப் போனேன். மாமா சட்டையைக்கூட மாற்றவில்லை. நேரே சமையலறைக்குப் போய்க் காபித்தூள் பாட்டிலை எடுத்துத் திறந்தார். சுலபமாகத் திறந்தது. அக்காவைப் பார்த்தார். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீதானா?"

"குழாய் அடைக்கக்கூட உங்களால முடியல. அன்னிக்கு டம்ளர் கை நழுவி விழுந்தப்ப உங்க முகம் இருந்த இருப்பு எனக்குத்தானே தெரியும்" என்றாள் அக்கா. "அதான் நீங்க எடுக்குறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் லேசாத் திறந்து வெச்சேன்."

எனக்கு வந்ததே கோபம்! "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கியேக்கா, உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். மாமா என்னைக் கையமர்த்தினார்.

"அவளை ஏன் திட்டுற? சார்ஜர் வேலையைச் சார்ஜர் பார்த்திருக்கு" என்றவர், பாட்டிலை அக்காவிடம் நீட்டினார். "உன் பலம் மொத்தமும் வெச்சு மூடிக் குடு."

"வேணாங்க."

"மூடும்மா."

அழுதுகொண்டே மூடிக் கொடுத்தாள். மாமா இடது கையால் பாட்டிலை அணைத்துக்கொண்டு வலது கையால் திருகினார். கழுத்து நரம்பு புடைத்தது. மூடி அசையவில்லை. துண்டைச் சுற்றித் திருகினார். அப்போதும் அசையவில்லை.

பாட்டிலை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். "மேடம், காரணம் தெரிஞ்சிடுச்சு. பேட்டரி மேல ஒரு குத்தமும் இல்ல, போல்ட் லூசா இருந்துச்சு. முறுக்குனது நான்தான். என் கைல பலம் இல்ல மேடம், இப்பதான் சோதிச்சுப் பார்த்தேன்." அந்தப் பக்கம் பேசியதை நின்றபடியே கேட்டார். "சரிங்க" என்று வைத்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் அக்கா.

"நாளைக்கு முதல்ல டாக்டரைப் பாருங்க, அப்புறம் வேலைக்கு வாங்கன்னாங்க. கிளிக் ஸ்பேனர் இல்லாம எதையும் தொடக்கூடாதாம்."

பிறகு பாட்டிலை அக்காவின் பக்கம் தள்ளினார். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த மனிதர் யாரிடமும் கேட்டிராததைக் கேட்டார்.

"திறந்து குடுடி. எனக்கு முடியல."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு திறந்து கொடுத்தாள்.