வேடியப்பன் பிரித்துப்போட்ட ஜீப்

எங்கள் மலை ஊரில் ஒரு வண்டியும் இல்லாத காலத்தில் வேடியப்பனுக்கு மட்டும் ஒரு ஜீப் இருந்தது. ஓடாத ஜீப். அவன் வீட்டுப் புளியமரத்தடியில் வருஷக்கணக்காக நின்றது. அதன்மேல் கோழி அடைந்தது, ஆடு ஏறிப் படுத்தது, ஒரு மழைக்காலத்தில் பின் சீட்டில் காளான்கூட முளைத்தது. நாங்கள் கேலி பேசிக்கொண்டேதான் அந்த வழியாகப் போவோம். ஆனால் அவன் காதுபடப் பேசமாட்டோம். அந்த ஜீப்பின்மேல் எங்களுக்கும் ஆசை இருந்தது.

வேடியப்பன் சின்ன வயதில் திருப்பத்தூரில் லாரி கிளீனராக இருந்தவன். ஸ்பேனர் பிடிக்கவும் ஸ்டியரிங் பிடிக்கவும் தெரியும். எங்களுக்கெல்லாம் மாட்டை ஓட்டுவதோடு சரி. எழுபத்து நாலில் மூங்கில் எடுக்க வந்த காண்டிராக்டரின் பழைய ஜீப், எங்கள் ஊர் ஏற்றத்தில் திணறித் திணறி நின்றுபோனது. அவர் உதைத்துப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். கடைசியில், "சனியன், நீயே வச்சிக்கோ" என்று வேடியப்பனிடம் விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். நாங்கள் மாடு பூட்டி ஊருக்குள் இழுத்து வந்தோம். மாரியம்மன் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தி, அதன்மேல் ஏறி நின்று அவன் சொன்னான்:

"வர்ற பொங்கலுக்கு இது ஓடும். இனிமே நம்ம ஊர்ப் பொம்பளைங்கள டோலியில தூக்கினு போற வேலயே கெடையாது. கீழ்நாட்டு மெக்கானிக் எவனும் இதுமேல கை வைக்க வேணாம். நானே பண்றேன்."

டோலி என்பது வேறொன்றுமில்லை. ஒரு கம்பில் போர்வையைத் தொட்டில்போலக் கட்டி, முடியாதவர்களை அதில் படுக்கவைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றி மலையிறங்குவது. பஸ் வரும் ரோட்டுக்குப் போய்ச் சேரவே அரை நாள் ஆகிவிடும். அதனால் அன்றைக்கு அவன் சொன்னதைக் கேட்டு ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான் கை தட்டினேன்.

எங்களுக்கு எல்லாவற்றுக்கும் புளிதான். பித்தளைக் குடம் கறுத்தால் புளி, குத்துவிளக்கு மங்கினால் புளி. வேடியப்பனும் அதையே செய்தான். ஜீப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து, துருப்பிடித்தது, பிடிக்காதது எல்லாவற்றையும் பெரிய பானைகளில் புளித்தண்ணீர் கரைத்து ஊறப்போட்டான். முதலில் எடுத்த சாமான்கள் பளபளவென்று இருந்தன. வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினான். பிறகு சாமை விதைப்பு வந்தது, களையெடுப்பு வந்தது, பானைக்குள் போட்டதை மறந்தான். நினைவு வந்து எடுத்தபோது பல சாமான்கள் அம்மை போட்ட முகம்போலக் குழி விழுந்து கிடந்தன. அதை அவன் யாரிடமும் காட்டவில்லை. கேட்டவர்களிடம், "ஒரே ஒரு சாமான் வரணும், அவ்ளோதான்" என்றான். ஒவ்வொரு பொங்கலுக்கும் அடுத்த பொங்கல் என்றான்.

முதலில் டோலி போகும்போதெல்லாம் ஓடிவந்து தோள் கொடுப்பான். போகப்போக, டோலி வருகிறது என்று தெரிந்தால் கொல்லைப்பக்கமாகக் காட்டுக்குள் போய்விடுவான். ஜீப்பையும் அவனையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம்.

அவனுடைய சித்தப்பன் மகள் செல்லியை உள்ளூரிலேயே குப்பனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். முதல் பிரசவம். பிள்ளை குறுக்கே நின்றுகொண்டது. அன்றைக்கு மட்டும் வேடியப்பன் காட்டுக்குப் போகவில்லை, தங்கச்சியாயிற்றே. குப்பன் முன்னால், அவன் பின்னால், நாங்கள் மாற்றாள். ரோடு கண்ணுக்குத் தெரிகிற வளைவில் செல்லியின் சத்தம் நின்றுபோனது. டோலியை இறக்கிப் பார்த்தோம். திருப்பிக்கொண்டு ஏறினோம்.

அதற்குப் பிறகாவது ஜீப்பைக் கீழே மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கலாம். நான் நேராகவே கேட்டேன். "ஊர் முன்னாடி சொல்ட்டேன்டா. இப்பப் போய்க் குடுத்தா எந்த மூஞ்ச வச்சினு நடப்பேன்?" என்றான். மறுபடியும் புளி கரைத்தான்.

எண்பத்தொன்றில், ஐப்பசி மழையில், அவன் பெண்டாட்டி மங்கம்மாளுக்கே விஷக்காய்ச்சல் வந்தது. டோலி புளியமரத்தைத் தாண்டும்போது அவள் கம்பைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். குரலே எழவில்லை, ஆனாலும் சொன்னாள்:

"இத்தக் குடுத்துடு. இல்ல, கொளுத்திப்புடு. நான் வூட்டுக்குத் திரும்பி வந்தா இது இங்க நிக்கக்கூடாது."

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஜீப்பை இறக்க ஒருவனால் ஆகுமா? எங்கள் ஊரில் கூட்டு வேலைக்கு ஆள் வேண்டுமென்றால், கேட்பவன் வெற்றிலைத் தட்டோடு கோயில் முன்னால் நின்று, என்ன வேலை, எதற்கு என்று தன் வாயாலேயே சொல்லவேண்டும். சொன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் வரும். வேடியப்பன் தட்டோடு நின்றான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஏறி நின்று பேசிய அதே இடம்.

ஊர்க்கவுண்டர் சக்கரவர்த்தி கேட்டார். "இன்னா வேல, வேடியப்பா?"

"ஜீப்பக் கீழ எறக்கணுங்க. திருப்பத்தூர் ஒர்க்ஷாப்புக்கு."

"எதுக்கு?"

"என்னால முடியலைங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தட்டிலிருந்து முதல் வெற்றிலையை எடுத்தவன் குப்பன்.

சாமான்களைக் கூடைகளில் அள்ளி ஏற்றி, பின்னால் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு, பிரேக் இல்லாத ஜீப்பை இறக்கினோம். செல்லி போன வளைவையும் தாண்டினோம். ரோட்டில் புளி ஏற்ற வந்த லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு திருப்பத்தூர் போய்ச் சேர்ந்தோம்.

ஒர்க்ஷாப்காரர் கரீம் பாய் வயதானவர், நல்ல மனுஷன். கூடையைக் கிளறி, குழி விழுந்த கார்புரேட்டரை எடுத்து மோந்து பார்த்தார்.

"இது இன்னா வாசன? புளியா?"

வேடியப்பன் தலையாட்டினான். பாய் பெருமூச்சு விட்டார். "செரி விடுங்க, வேற போட்டுக்கலாம். மொதமொத எப்டி நின்னுச்சி வண்டி?"

"ஏத்தத்துல திணறித் திணறி நின்னுச்சிங்க, பாய்."

பாய் எஞ்சின் பக்கம் குனிந்து ஒரு கறுப்பு மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற மூடி. அதை மட்டும் வேடியப்பன் புளியில் போடவில்லை, அது இரும்பு இல்லையே. அதில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"இதான் கோளாறு. இந்த மூடிய மாத்தியிருந்தா அன்னிக்கே ஓடியிருக்கும். மத்ததெல்லாம் நீங்க பிரிச்சதால வந்த வெனை. அப்பவே கொண்டாந்திருந்தா ஒரே நாள் வேலைங்க."

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு மூடியைத் துடைத்தார். அவருக்கு எங்கள் கதை எப்படித் தெரியும்? நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். குப்பன் மட்டும் வேடியப்பனைப் பார்த்தான்.

"ஏன் மச்சான், முன்னாடியே கொண்டாரல?"

வேடியப்பன் பொய் சொல்லவில்லை. அதை மட்டும் நான் அவன் பக்கம் சொல்லுவேன். "வெக்கமா இருந்துச்சி, மாப்ள" என்றான்.

"செல்லிக்கு வலியா இருந்துச்சி" என்றான் குப்பன். சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான்.

வேடியப்பன் அங்கேயே, கிரீஸ் தரையில், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். தொட்டுத் தூக்க எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை. பாய் எதுவும் புரியாமல் அவனுக்கு டீ வாங்கி வரச் சொன்னார்.

தை பிறக்குமுன் ஜீப் மலையேறி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊரிலிருந்து ஒரு டோலியும் இறங்கவில்லை. பிரசவம் என்றால் எந்நேரமும் வேடியப்பன் வண்டியை எடுப்பான், கைநீட்டி எதையும் வாங்கமாட்டான். குப்பன் மட்டும் அதில் ஏறியதே இல்லை. கேழ்வரகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே இறங்குவான். வழியில் அவனைக் கண்டால் வேடியப்பன் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி நிற்பான். "ஏறு மாப்ள" என்று கூப்பிட அவனுக்கு வாய் வராது. குப்பன் தாண்டிப் போய்ப் பார்வைக்கு மறைந்த பிறகுதான் ஏறி ஓட்டுவான்.