மீதிக் காது

சோமனூரில் மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துவார்கள். இரவும் பகலும் ஓடும் விசைத்தறிகள் ஓய்ந்து ஊரே அடங்கும் அந்த ஒரு பகலில்தான் நான் நிம்மதியாகத் தூங்க முடியும். எதிர்வீட்டு அம்மா விட்டால்தானே! தறி ஓட்டுகிறவர், தலைமுடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். கரண்ட் நின்றதும் பேட்டரி ரேடியோவோடு வாசல்படியில் உட்கார்ந்துவிடுவார். உழவர்களுக்கான பேச்சு, வீணைக் கச்சேரி, கவியரங்கம், நாடகம் என்று எது வந்தாலும் சாயங்காலம்வரை முழுச் சத்தத்தில் ஓடும்.

ஒருமுறை பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேன்: "கொஞ்சம் சத்தத்தைக் குறைங்கம்மா. மனுசன் தூங்க வேண்டாமா?"

"ஏனுங்க, தெனமும் இத்தனை தறி ஓடுதுங்களே, மொதலாளிககிட்டப் போயி இப்படிக் கேட்டீங்களா?"

தன் காதைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்:

"தறி பாதிக் காதைத் தின்னுபோட்டுதுங்க. மீதிக் காது என்னுது. அதுல என்ன கேக்கோணும்னு நாந்தான் முடிவு பண்ணுவேன். நாடகம் ஆரம்பிக்குது, பேசாதீங்க."

ரேடியோவைக் காதோடு அணைத்துக்கொண்டார். நான் திரும்பிவிட்டேன்.

அடுத்த மாதம் கரண்ட் நின்றபோது ரேடியோவின் சத்தம் முன்பைவிடக் கூடியிருந்தது. என்மேல் இருந்த கோபமா, காது இன்னும் கொஞ்சம் போய்விட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.