புளி போட்டுத் தேய்த்த பிளக்கு

அந்தப் படகுகளை நான் பார்த்ததே இல்லை. அவற்றின் அழுக்கு மட்டும் என்னிடம் வந்தது.

சுனாமிக்கு அடுத்த வருஷம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். மீஞ்சூருக்கு அந்தப் பக்கம், படகுகள் வந்து நிற்கும் துறையிலிருந்து லாரியில் சாமான் வரும். கயிறு, கொக்கி, படகு கரையில் இடிக்காமலிருக்கத் தொங்கவிடும் ரப்பர் உருளை, அப்புறம் கேபிள். கரையில் நிற்கிற படகுக்குக் கரண்ட் கொடுக்கும் கேபிள் அது. என் மணிக்கட்டு தடிமன் இருக்கும். சேறும் கிரீஸும் அப்பியிருக்கும், சில இடத்தில் சிப்பி ஒட்டியிருக்கும். கழுவிக் காயவைத்துச் சுருட்டினால் திரும்பப் போகும்.

மற்ற சாமானெல்லாம் அடுத்த ஷெட்டில் ஆம்பிளைகள் பார்த்தார்கள். கேபிளுக்கு நான் மட்டும்.

தரையில் நீட்டிப் போட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்ப்பேன். மண்ணெண்ணெய் கூடாது, ரப்பர் ஊதிப்போகும். சிப்பியைக் கத்தியின் முதுகால் தட்ட வேண்டும். கூர் பட்டால் கேபிள் போச்சு. கடைசியில் ஈரத்துணியைக் கேபிளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பேன். நாற்பது எட்டு வைக்க வேண்டும். திரும்ப நாற்பது. பக்கத்துக் கம்பெனியில் இரும்பு உருக்கும் சத்தம் ஓயாது. மெல்லப் பேசினால் எனக்கே கேட்காது. பேச ஆளும் இல்லை.

வீட்டுக்காரர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. ரயில்வே கேட் பக்கம் ஒரு அறை. காலையில் வடித்த சோறுதான் ராத்திரிக்கும். ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்காமலே பொழுது போய்விடும். திங்கட்கிழமை முதல் பேச்சு எலக்ட்ரிசியனோடுதான்.

அவன் ஆந்திரா பார்டர் பக்கம். என்னைவிடப் பத்து வயது சின்னவன். நான் காயவைத்த கேபிளை, கரண்ட் கசியுமா என்று பார்க்கும் ஒரு பெட்டியில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றுவான். முள் ஏறினால் பாஸ். ஏறாவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பாஸானதில் ஒரு சீட்டைக் கட்டிக் கையெழுத்துப் போடுவான். மத்தியானம் என் ஷெட்டில் உட்கார்ந்துதான் டிபன் டப்பாவைத் திறப்பான். கேட்காமலே ஒரு துண்டு ஆவக்காயை என் சோற்றில் வைப்பான்.

“இன்னாக்கா, இவ்ளோதானா சோறு? குருவி கூட ஜாஸ்தி துன்னும்.”

“நீ துன்னு. குருவிய நான் பாத்துக்கறேன்.”

கேபிள் முனையில் பிளக்கு இருக்கும். அதன் பித்தளைக் கம்பிகள் பச்சை பூத்து வரும். தேய்க்க உப்புத்தாள் கொடுத்திருந்தார்கள். அதில் கீறல்தான் விழுந்தது. ஒருநாள் வீட்டிலிருந்து புளி கொண்டுபோனேன். விளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தேன். புதுசாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

எலக்ட்ரிசியன் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“யக்கா, கல்யாணப் பொண்ணு மூக்குத்தி கணக்கா மின்னுது. எப்டிக்கா?”

“கை கீதே. தேய்ச்சேன்.”

கொஞ்ச நாளில் அவன் பெட்டியைச் சுற்றுவதை விட்டுவிட்டான். “நீ கழுவுனதுக்கு டெஸ்ட் இன்னாத்துக்கு?” என்று கையெழுத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான். எனக்கு அது பிடித்திருந்தது. பெட்டி சுற்றுகிற நேரமும் பேச்சாக ஆனது.

ஐப்பசி மழை வந்தது. வெயில் இல்லை. லாரி நிற்கிறது, சீக்கிரம் என்றார் சூப்பர்வைசர். ஒரு பிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, உதறி, மேலாகத் துடைத்தேன். உள்ளே புளித்தண்ணீர் நின்றிருக்கிறது. நான் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. கையெழுத்தானது, போனது.

எட்டாம் நாள் அதே பிளக்கு திரும்பி வந்தது. ஒரு பக்கம் கருகியிருந்தது. படகில் அதை மாட்டியவருக்கு உள்ளங்கை வெந்துவிட்டதாம்.

சூப்பர்வைசர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

“இன்னாபா இது? பேஜாரா பூட்ச்சி. ரிப்போர்ட் கேக்கறாங்கோ.”

“டெஸ்ட் பண்ணிதான் சார் அனுப்சேன்,” என்றான் எலக்ட்ரிசியன். “பழைய பிளக்கு. உள்ள லூசாயிருக்கும்.”

“உன் கையெழுத்துதான் கீது. மாட்டுனா நீதான் மாட்டுவ,” என்று சொல்லிக்கொண்டே அவர் பேனாவை எடுத்தார்.

இவனை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

“தம்பி மேல தப்பு இல்ல சார். நான்தான் புளி போட்டுத் தேய்ச்சேன்.”

“புளியா? கொழம்பு வெச்சியாமா?”

சிரித்தார். பிறகு பிளக்கை எடுத்து உள்ளே பார்த்தார். சிரிப்பு நின்றது.

“ஏம்பா, உள்ள புளித்தண்ணி நின்ன கறை கீது. இவ்ளோ ஈரத்த வெச்சிக்கினு டெஸ்ட்ல எப்டி பாஸாச்சு?”

அவன் என் பக்கம் திரும்பினான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. டெஸ்ட் பண்ணவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அதை நான் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அவனை நிறுத்திவிட்டார்கள். என்னை நிறுத்தவில்லை. இந்த அழுக்கைக் கழுவ வேறு ஆள் கிடைக்காது. “இனிமே புளி கிளின்னு வந்த, பாத்துக்க,” என்றதோடு சரி.

டிபன் டப்பாவை எடுக்க என் ஷெட்டுக்கு வந்தான்.

“தம்பி, உன்ன காப்பாத்தத்தான் சொன்னேன்.”

“தெர்யும்க்கா.” டப்பாவைப் பையில் போட்டான். “பழைய பிளக்குன்னு எழுதப் போனாரு. என்ன மெரட்டுனதெல்லாம் சும்மா. நீ கம்முனு இருந்துருக்கலாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டைத் தாண்டிப் போனான். அவன் ஊர்ப் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

கை வெந்தவர் எப்படி இருக்கிறார் என்று லாரி டிரைவரிடம் கேட்டேன். “எந்தக் கை? யாரு?” என்றார். அடுத்த லாரியிலும் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

புது எலக்ட்ரிசியன் வந்தான். ஒவ்வொரு கேபிளையும் பெட்டியில் மாட்டிச் சுற்றிப் பார்ப்பான். நல்ல வேலைக்காரன். மத்தியானம் கேன்டீனுக்குப் போய்விடுவான். பாஸானால் “ஓகே.” ஈரம் இருந்தால் மட்டும் கொஞ்சம் நின்று, “இன்னொரு நாள் காயட்டும்மா, இந்தப் பக்கம் திருப்பிப் போடு,” என்பான்.

தை மாதம் ஒருநாள் கேபிளைத் துடைத்துக்கொண்டு நடக்கையில், பிளக்கைக் காயவிடாமலே கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. அவன் எப்படியும் கண்டுபிடித்துவிடுவான். நின்று இரண்டு வார்த்தை பேசுவான். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

பிளக்கை வெயிலில் கவிழ்த்து வைத்தேன். காய்ந்ததும் கொடுத்தேன்.

“ஓகே,” என்றான். போய்விட்டான்.