கொம்பையாவின் பதினாலாம் நம்பர்

கொம்பையா என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் டிரம்பெட் ஊதினால் ஊர் சும்மா இருக்குமா? கம்பெனியில் அவனுக்குக் 'கொம்பு' என்றே பெயர். சூப்பர்வைசர்கூட "லைன்ல கொம்பைக் காணோம், எங்கப்பா?" என்றுதான் கேட்பார். பெயர் குலசாமிக்கு நேர்ந்து வைத்தது. டிரம்பெட் பாளையங்கோட்டையில் படித்தபோது பள்ளிக்கூட பேண்டில் கற்றுக்கொண்டது. இரண்டும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தது தற்செயல் என்பான். நான் நம்பியதில்லை.

இரண்டாயிரமாவது வருடத்திலிருந்து நானும் அவனும் மணிமங்கலத்தில், தாண்டவராயன் வீட்டு மாடி அறையில் குடியிருந்தோம். நான் பேச்சிராஜ், கோவில்பட்டிப் பக்கம். அவன் களக்காட்டுக்காரன். இருங்காட்டுக்கோட்டை அருகில் காருக்கு வைப்பர் மோட்டார் செய்யும் கம்பெனியில் இருவருக்கும் ஒரே லைன், ஒரே ஷிப்ட். காலை ஷிப்ட் வாரங்களில் மதியம் மூன்றரைக்குக் கம்பெனி பஸ் எங்களை ஏரிக்கரையில் இறக்கிவிடும். அறைக்கு வந்ததும் நான் பாயை விரிப்பேன், அவன் பெட்டியைத் திறப்பான்.

அக்கம்பக்கத்தில் நைட் ஷிப்ட் பார்த்தவர்கள் தூங்கும் நேரம் அது. சத்தம் வெளியே போனால் சண்டைக்கு வருவார்கள். அதனால் அறைக்குக் குறுக்கே கட்டிய கொடியில் எங்கள் யூனிபார்ம், லுங்கி, ஜமுக்காளம் எல்லாவற்றையும் நெருக்கமாகத் தொங்கவிட்டு, அவற்றுக்குள் டிரம்பெட்டின் வாயை நுழைத்து ஊதுவான். முதல் அரைமணி நேரம் நீளமான ஒற்றை ஸ்வரங்கள்தான். யூனிபார்ம் மெல்ல உப்பும், அடங்கும். ஜன்னலுக்கு வெளியே ஏரித் தண்ணீர் நாலு மணி வெயிலில் வெளுத்துக் கிடக்கும். துணிக்குள்ளிருந்து வரும் அந்தச் சத்தம், அரைத் தூக்கத்தில் இருக்கும் எனக்கு, தண்ணீருக்கு அடியில் யாரோ பேசுவதுபோலக் கேட்கும். தூங்குகிறேனா, கேட்கிறேனா என்று எனக்கே தெரியாது. எத்தனையோ தடவை அந்த ஏரிமேல் கால் நனையாமல் நடந்து அக்கரை போயிருக்கிறேன். கண் விழித்தால் ஆறு மணி ஆகியிருக்கும். அவன் ஸ்டவ்வில் டீக்குத் தண்ணீர் வைத்திருப்பான்.

அவன் வாசித்ததெல்லாம் எட்யூட். அப்படியென்றால் என்ன என்று முதல் வாரமே கேட்டுவிட்டேன். உதட்டுக்கும் விரலுக்கும் மூச்சுக்கும் பழக்கம் வருவதற்காகச் சின்னச் சின்னதாக எழுதிவைத்த பாடங்களாம். அவனிடம் ஒரு ஜெராக்ஸ் புத்தகம் இருந்தது. நாற்பது பாடம், எதற்கும் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். "ஒம்பது இன்னைக்கு வழிக்கு வந்துட்டு" என்பான். "இருபத்தி ரெண்டு ரொம்ப எகிறுது" என்பான். பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். எனக்குப் பிடித்தது பதினாலு. மெதுவானது. எங்கேயும் போகாமல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரே ஒரு தடவை மேலே ஏறி இறங்கும். அந்த ஏற்றத்துக்கு நான் தூக்கத்தில்கூடக் காத்திருப்பேன்.

2004 ஜூன் கடைசியில் அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. கூடப் படித்த ஒருவன் மும்பையிலிருந்து எழுதியிருந்தான். சுற்றுலாக் கப்பல்களில் பேண்டு வாசிக்க ஆள் எடுக்கிறார்கள். வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று என இரண்டு எட்யூட்களைக் கேசட்டில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். டிரம்பெட் மட்டும்தான் இருக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, வெட்டி ஒட்டக் கூடாது. ஆகஸ்டு ஐந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். கொம்பையாவுக்கு ஆவணியில் முப்பது முடிகிறது. இதை விட்டால் அவனுக்கு வேறு வாய்ப்பு இல்லை.

அதற்குப் பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. கடலையே பார்த்ததுபோல் ஒரு முகத்தோடு லைனில் நின்றான். ஒரு மோட்டாருக்கும் அடுத்த மோட்டாருக்கும் நடுவில் வலது கை விரல்கள் தொடையில் எதையோ வாசித்துக்கொண்டிருக்கும்.

ஒரு பழைய டேப் ரெக்கார்டர் கிடைத்தது. அறைக்குள் வைத்தால் சத்தம் தாங்காமல் கரகரத்தது. மாடிப்படியின் மேல்படியில், துண்டைச் சுற்றி வைத்துப் பார்த்ததில் சரியாக வந்தது. பட்டனை அழுத்துவது என் வேலை. ஆனால் மணிமங்கலத்தில் மூன்று நிமிடம் சேர்ந்தாற்போல் அமைதி வேண்டும் என்றால் எங்கே போவது? ஒரு தடவை தண்ணீர் மோட்டார் போட்டார்கள். ஒரு தடவை எதிர்வீட்டு கிரைண்டர். மூன்றாவது தடவை, கடைசி வரிக்கு வந்துவிட்ட நேரத்தில், கம்பெனி பஸ் டிரைவர் ஹாரனை அழுத்தினான், பாவி. ஆடி பிறந்ததும் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிட்டது. கொம்பையா பதிவைக் கேட்டுப் பார்ப்பான், தலையை ஆட்டுவான், பின்னால் ஓட்டுவான்.

அப்போதுதான் பேப்பரில் அந்த அறிவிப்பைப் பார்த்தான். மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக மணிமங்கலம் சுற்றுவட்டாரத்தில் வியாழக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது. மோட்டார் இல்லை, கிரைண்டர் இல்லை, குழாய் ஸ்பீக்கர் இல்லை. கரண்ட் போகப் போகிறது என்று சந்தோஷப்பட்ட ஒரே மனிதன் அவன்தான். இருவரும் லீவு போட்டோம், டேப் ரெக்கார்டருக்குப் பேட்டரி வாங்கினோம்.

இதற்கு நடுவில் செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரர் தாண்டவராயனுக்கு நெஞ்சுவலி வந்து தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவர் மனைவி அம்சவல்லி அக்கா கூடவே இருந்தார். வீட்டில் கல்லூரி படிக்கும் மகள் சசிரேகா மட்டும்தான். எங்களுக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. புதன்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டும் வந்தோம். எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இனிப் பயமில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. அதை நாங்கள் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ஊரே சட்டென்று அடங்கி நின்றதுபோல் ஆகிவிட்டது. எங்கோ ஒரு மாடு கத்தியது, அதுவும் ஓய்ந்தது. கொம்பையா கொடியிலிருந்த துணிகளையெல்லாம் எடுத்து மூலையில் போட்டான். அந்த அறையில் அவன் துணியில்லாமல் வாசிக்கப்போவது அதுதான் முதல் தடவை. வேகமான பாடம் ஒரே வீச்சில் வந்துவிட்டது. தண்ணீர் குடித்தான், என்னைப் பார்த்துத் தலையசைத்தான், பதினாலை ஆரம்பித்தான்.

இத்தனை வருடமாக நான் கேட்டது அந்தப் பாடமே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் கதவைத் தாண்டி, மொட்டைமாடியைத் தாண்டி, ஏரிவரை போய்த் திரும்பி வந்தது. எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. மேல்படியில் உட்கார்ந்தபடி தெருவைப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். தெருமுனையிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். ஆண்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஊரே வந்து கொம்பையாவைக் கேட்கிறது என்று எனக்குக் கண் கலங்கியது. என்னை என்னவென்று சொல்ல.

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாத மாதத்தில் ஒரு வீட்டிலிருந்து டிரம்பெட் மெதுவாகக் கேட்டால், அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதுவும் வீட்டுத் தலைவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் வீடு. பிணம் வருவதற்கு முன்னால் பேண்டு வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

முதலில் ஒரு பெண் ஓலமிட்டாள். பிறகு ஏரிக்கரையிலிருந்து தாண்டவராயனின் தம்பி கண்ணப்பன் ஓடிவந்தார். வரப்புத் தகராறில் ஆறு வருடமாக அண்ணனோடு பேச்சு வார்த்தை இல்லாதவர். வாசலில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டார்.

"அண்ணா, என்ன வுட்டுட்டு பூட்டியே அண்ணா. ஒரு வார்த்த பேசாம பூட்டியே."

கொல்லையில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்த சசிரேகா ஈரத் தலையோடு ஓடிவந்தாள். சித்தப்பா அழுவதைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்துவிட்டது என்று நினைத்து அவளும் அலறினாள். அந்தக் குரலில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அறைக்குள் கொம்பையா நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடைசி ஏற்றத்தில் ஏறினான், இறங்கினான், முடித்தான்.

கீழே ஓடினோம். "யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவரு நல்லா இருக்காரு. நேத்து நாங்க பாத்தோம். நான் சும்மா பாடம் வாசிச்சேன்" என்றான் கொம்பையா. கண்ணப்பன் எழுந்து வந்து அவன் வாயிலேயே அறைந்தார். உதடு பல்லில் பட்டுக் கிழிந்து ரத்தம் கொட்டியது. அவன் கையால் தடுக்கக்கூட இல்லை. சசிரேகாவைப் பார்த்து, "தங்கச்சி, மன்னிச்சிரும்மா" என்று மட்டும் சொன்னான். அவள் ஈரத் தலையோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மதியம் அம்சவல்லி அக்கா வந்து மாடிக்கே ஏறிவிட்டார். "இன்னா மனுசங்க நீங்க? வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கீறாரு, நீங்க மேல குந்திகினு சாவு ஊதினுகிறீங்க. ஒண்ணாம் தேதி ரூம காலி பண்ணிடுங்க." படப்பை டாக்டர் உதட்டுக்கு மூன்று தையல் போட்டு, பதினைந்து நாள் எதையும் ஊதக் கூடாது என்றுவிட்டார். அதற்குள் ஆகஸ்டு ஐந்து தாண்டிவிடும். அத்தோடு கணக்கு முடிந்தது. இருப்பது அந்த ஒரு பதிவுதான், அதிலும் பதினாலில் பாதிக்கு மேல் ஒப்பாரி.

சனிக்கிழமை தாண்டவராயன் வீடு திரும்பினார். எங்களைக் கீழே கூப்பிட்டு அனுப்பினார்.

"ரெண்டு பேரும் என்ன முன்னாடியே மேல அனுப்பி வெச்சிட்டீங்களாமே. அந்த கேசட்ட எத்தினு வாங்க, நானும் கேக்கறேன்."

போட்டோம். டிரம்பெட்டைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கண்ணப்பன் குரல் வந்ததும் நிமிர்ந்தார். "நிறுத்து. பின்னால ஓட்டு." திரும்பக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். "அவன்தானா?" என்று மனைவியிடம் கேட்டார். அம்சவல்லி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவருதான்" என்றார்.

"ரூம காலி பண்ண வாணாம். அந்த கேசட்ட எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடுப்பா" என்றார் தாண்டவராயன்.

மறுநாள் காலையில் கண்ணப்பன் ஒரு சொம்புப் பாலோடு வந்தார். அண்ணனும் தம்பியும் ஏதோ நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல் மாட்டைப் பற்றிப் பேசினார்கள். திங்கட்கிழமை நானும் கொம்பையாவும் படப்பையில் கேசட்டைக் காப்பி போட்டுக்கொண்டு, அசல் கேசட்டைக் கூரியரில் மும்பைக்கு அனுப்பினோம். அழுகை எப்படி வந்தது என்று ஒரு கடிதமும் வைத்தோம். எனக்கு நம்பிக்கை இல்லை. அவன் மட்டும் வீங்கிய உதட்டோடு, நாலு மணிக்கு ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அந்த நாட்களில் அறை அப்படியொரு அமைதி. எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆவணி பிறந்து பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. இங்கிலீஷ் கடிதம். சசிரேகாதான் படித்துச் சொன்னாள். "வாசிப்பு நல்லா இருக்காம். ஆனா சோலோவா அனுப்பணும்னு ரூல் இருக்காம். நீங்க அக்கம்பனிமென்ட்டோட அனுப்பினதால எடுத்துக்க முடியாதாம்." அந்த வார்த்தைக்கு டிக்ஷனரியைப் புரட்டினாள். "கூட சேந்து வாசிக்கறதுன்னு போட்டிருக்கு. உங்க கூட யாருண்ணா வாசிச்சது?" கேட்ட பிறகுதான் அவளுக்கே புரிந்தது. கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாங்கள் வைத்த கடிதத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோபம் யார்மேல் என்றும் தெரியவில்லை. மாடிக்கு வந்ததும் அவன்மேலேயே பாய்ந்தேன்.

"ஒப்பாரி கேட்டதும் நிறுத்திருக்கலாம்லா? கீழ போய் விஷயத்தச் சொல்லிட்டு வந்திருந்தா அடியும் விழுந்திருக்காது. அஞ்சு மணி வரைக்கும் கரண்ட் கிடையாது. நிதானமா இன்னொரு தடவ வாசிச்சிருக்கலாம். ஏம்ல நிறுத்தல?"

கொம்பையா கொடியில் துணிகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பவில்லை.

"நான் வாசிக்கதக் கேட்டுத்தான் அழுதாவன்னு நெனச்சேன், பேச்சி. நிறுத்த மனசு வரல."