தொண்ணூற்றாறு டிகிரியில் ஒரு கார் பந்தயம்

தேயிலை விலை விழுந்த வருடங்களில் நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன டீ ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். பறிக்கிற கூலிக்கே கொழுந்து விலை கட்டவில்லை என்று ஊரில் பாதிப் பேர் பறிப்பதையே விட்டுவிட்டார்கள். கொழுந்து வராத ஃபேக்டரிக்கு எலக்ட்ரீஷியன் எதற்கு? "கூப்பிட்டு அனுப்பறோம்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் என் மனைவி ஜன்னல் ஓரமாகத் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குக் கொக்கி மாட்டுகிற காஜா எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில், "நீங்க சும்மா இருந்தாலே எனக்குப் பெரிய உபகாரமுங்க" என்றாள்.

சும்மா இருப்பதற்கு என்னிடம் ஒரு சாதனம் இருந்தது. கோயமுத்தூரில் மூடப்போன ஒரு பிரௌசிங் சென்டரிலிருந்து, வயரிங் வேலை செய்து கொடுத்ததற்குப் பதிலாக வாங்கிவந்த கம்ப்யூட்டர். அதில் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தது. கார் பந்தய விளையாட்டு ஒன்றும் இருந்தது. வேலை இல்லாத மனிதனுக்கு மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போவது எவ்வளவு ஆறுதல் என்பது போய்ப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இந்த ஆறுதலை மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தார் எங்கள் ஃபேக்டரியின் டீமேக்கர். தூள் எப்படி வரவேண்டும் என்று முடிவு செய்கிற பெரிய ஆள். பத்து வருடம் என்னை, "ஃபேனு ஏன் இப்படிக் கத்துது, உன்னாட்டவே" என்று திட்டியவர். அவரும் இப்போது வீட்டில்தான். ஆனாலும் தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, சாக்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, ஃபேக்டரிக்குக் கிளம்புகிறவர் மாதிரி மழையில் நடந்து என் வீட்டுக்கு வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ஆளுக்கு ஐந்து சுற்று. யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்களோ அவருக்கு ஜெயம்.

சிக்கல் என்னவென்றால், அவர் ஓட்டும்போது மட்டும் மூன்றாவது சுற்றில் திரை அப்படியே உறைந்துபோகும். கார் வளைவில் நின்றது நின்றபடி நிற்கும். முதலில் ஓட்டுகிற நான் தப்பித்தவறி முடித்துவிடுவேன். நாலாவது நாள் அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஏப்பா, நான் முந்தறப்போ மட்டும் எப்படி நிக்குது? கால்ல சுச்சு கிச்சு வெச்சிருக்கியா?"

"சார், சத்தியமா இல்லீங்க. சூட்டுல நிக்குதுங்க."

"கோத்தகிரியில, ஆடி மாசத்துல, சூடு! யார்கிட்ட கதை உடற? நான் மங்கி குல்லா போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறேன்."

வெப்பம் காட்டுகிற நிரல் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். கார்டு தொண்ணூற்றாறு டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "தூளு காயவெக்கற டிரையர்லதான் இந்தச் சூடு இருக்கும்" என்றார். நம்பியதாகத் தெரியவில்லை.

என் மானம் போய்க்கொண்டிருந்தது. கொழுந்தை வாட்டுகிற நீளத் தொட்டிகளுக்குக் காற்றுவிடும் ஆள் உயர ஃபேன்களைப் பத்து வருடம் பார்த்துக்கொண்டவன் நான். முழங்கால் உயரப் பெட்டிக்குள் காற்றுவிடத் தெரியாதா? பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து எதிரில் வைத்து முழு வேகத்தில் விட்டேன். சூடு குறைந்தது. எங்கள் சூடும் குறைந்தது. ஆடி மழையில், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஃபேன் காற்றில் மூன்று பேரும் நடுங்கினோம். டீமேக்கர் ஒரு தும்மல் போட்டதில் அவர் கார் பாலத்திலிருந்து ஆற்றில் இறங்கியது. மனைவி எழுந்து வந்து டேபிள் ஃபேன் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஊருல கேட்டா என்னன்னு சொல்றதுங்க? குளுருல ஃபேன் போட்டுச் செத்தாங்கன்னா?"

அடுத்ததாக, டீமேக்கர் கிளம்பிய பிறகு, குன்னூரில் பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரிடம் ஒரு சின்ன ஃபேன் வாங்கிவந்து பெட்டியின் முன்பக்கம் பொருத்தினேன். பின்பக்கம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அது காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு மேதாவி யோசனை. வெளியே இவ்வளவு குளிர்ந்த காற்று இலவசமாகக் கிடக்கிறது, இரண்டு பக்கமும் உள்ளே வரட்டுமே? பின்பக்க ஃபேனையும் கழற்றித் திருப்பி மாட்டினேன். தகட்டை மூடினேன். ஓட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு.

மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தியை எடுத்துவந்து பெட்டியின் முன்னால் காட்டினாள். புகை உள்ளே போனது. பின்னால் கொண்டுபோய்க் காட்டினாள். அங்கேயும் உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்து, சிடி போடுகிற இடுக்கிலிருந்து போக வழி தெரியாமல் புகை மெல்லக் கசிந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா பால் பாத்திரத்தோடு உள்ளே வந்தார். "ஏனுங்க, இன்னைக்கு என்ன விசேசம், கம்ப்யூட்டருக்குப் பூஜை பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு, பெட்டியை ஒருமுறை கும்பிட்டுவிட்டே போனார்.

"ரெண்டு பக்கமும் உள்ள ஊதுனா, உள்ள இருக்கற சூடு எந்த வழியாங்க வெளிய போகும்?" என்றாள் மனைவி. "பஸ்ஸுல ரெண்டு வாசல்லயும் ஆளு ஏறுனா எறங்கறவன் எப்படி எறங்குவான்?"

பின்பக்க ஃபேனைப் பழையபடி திருப்பினேன். முன்னால் ஒன்று இழுத்தது, பின்னால் ஒன்று தள்ளியது. உள்ளே குறுக்கே தொங்கிக்கொண்டிருந்த வயர்களை எல்லாம் ரவிக்கை நாடாவால் ஓரமாகக் கட்டினாள் அவள். மறுபடி ஊதுபத்தி காட்டினோம். முன்னால் போன புகை பின்னால் நேராக வந்தது. ஒரு மணி நேரம் ஓட்டியும் எழுபத்திரண்டுக்கு மேல் ஏறவில்லை. இரண்டு ஃபேன்களையும் கண்டுபிடித்தவனே நான்தான் என்பது மாதிரி நடந்துகொண்டேன்.

மறுநாள் டீமேக்கர் வந்து உட்கார்ந்தார். முதல் சுற்றில் எழுபத்தைந்து. இரண்டாவதில் எண்பத்தைந்து. மூன்றாவதில் தொண்ணூற்றொன்று.

"பாத்தியா! என் கை பட்டாலே ஏறுது. என்னமோ பண்ணிவெச்சிருக்கறே!" என்று கத்தினார்.

மனைவி ஊதுபத்தியோடு மேசைக்கு அடியில் குனிந்து பெட்டியின் பின்பக்கம் போனாள். புகை அங்கேயே சுருண்டு நின்றது. கையை விட்டு எதையோ இழுத்தாள். இரண்டு சாம்பல் நிறச் சாக்ஸ். ஈரம் பாதி காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தன. ஃபேன் ஓட்டையை முழுசாக மூடி வரிசையாகத் தொங்கவிடப்பட்டிருந்தன.

திரையில் கார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"மழையில நனஞ்சுபோயிருதும்மா," என்றார் டீமேக்கர், திரையைப் பார்த்தபடியே. "ஈரத்தோட ஊட்டுக்குப் போனா, ஃபேக்டரியில டிரையர் பக்கத்துலயே நிக்கறவருக்கு எப்படிக் காயலைன்னு கேப்பாங்க. அங்க சூடா நல்ல காத்து வந்துது."

எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. அவர் காதுமடல் சிவந்திருப்பதைப் பார்த்ததும் சிரிக்கத் தோன்றவில்லை. பத்து வருடம் என்னைத் திட்டிய மனிதர். காலில் மாட்டிக்கொள்ள வேறு சாக்ஸ் இல்லாமல், என் வீட்டு மேசைக்கு அடியில் ஒளித்துக் காயவைத்திருக்கிறார். வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறார் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மனைவி சாக்ஸை உதறி அடுப்புக்குப் பக்கத்தில் கொடியில் போட்டாள். "இங்க இன்னும் சீக்கிரம் காயுங்க சார். நீங்க ஓட்டுங்க" என்றாள், ஏதோ அளவு ரவிக்கை வாங்கிவைக்கிற சாதாரணக் குரலில்.

அவர் ஓட்டினார். எழுபத்தொன்றைத் தாண்டவில்லை. ஐந்து சுற்றும் முடிந்தது. என்னைவிடப் பதினோரு விநாடி அதிகம் எடுத்துத் தோற்றுப்போனார். குறைசொல்ல இப்போது சூடும் இல்லை, சுவிட்சும் இல்லை. திரைக்குக் கிட்டப் போய் எண்களைப் பார்த்தார்.

"அப்ப நான் நெசமாவே மோசமாத்தான் ஓட்டறனா?"

"ஆமாங்க சார்" என்றேன். அவரிடம் பத்து வருடமாகச் சொல்ல நினைத்த உண்மைகளில் ஒன்றையாவது சொல்ல முடிந்தது.

அவர் சிரித்துவிட்டார். அப்போது என் மனைவி கையில் இருந்த நூல் பொடியைத் தட்டிவிட்டு வந்து, "கொஞ்சம் நகருங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவரை அவள் அந்த விளையாட்டைத் தொட்டதே இல்லை. முதல் ஓட்டத்தில் மரத்தில் மோதினாள். இரண்டாவதில் என்னைவிட நாலு விநாடி முந்தினாள்.

"எப்படிம்மா?" என்றார் டீமேக்கர்.

"தெனமும் எட்டு மணி நேரம் கால்ல மெசினு மிதிக்கறேன். வளைவுல வேகத்தக் கொறைக்கத் தெரியாதாங்க?"

கார்த்திகை வாக்கில் ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள் ஓட ஆரம்பித்தது. எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். டீமேக்கர் மறுபடி என்னைத் திட்டத் தொடங்கினார். அது ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. மற்ற நாலு நாளும் அவர் என் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. என்னோடு விளையாட அல்ல. நான் தரையில் உட்கார்ந்து காஜா எடுக்க, அவர் என் மனைவியிடம் வளைவில் எப்படித் திரும்புவது என்று கேட்டுக்கொண்டிருப்பார்.